சிலைக்குக் காசு போட்டது யார்? ரிச்மண்டில் கேட்கப் பழகிய கேள்வி

வர்ஜீனியாவின் ரிச்மண்டுக்கு வேலை மாறி வரும் தமிழர்களுக்கு ஏற்கெனவே இருப்பவர்கள் சொல்லிக் கொடுக்கும் பாடத்திட்டம் ஒன்று உண்டு. எந்த ஏரியாவில் ஸ்கூல் நன்றாக இருக்கும், எந்தக் கடையில் முருங்கைக்காய் எந்தக் கிழமை வரும், வாஷிங்டனுக்கு எத்தனை மணிக்குக் கிளம்பினால் ட்ராஃபிக்கில் மாட்ட மாட்டோம். அதோடு ஊர் முடிந்தது. 1861 முதல் 1865 வரை இந்த ஊர் வேறொரு நாட்டுக்குத் தலைநகரமாக இருந்தது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்வதற்காக அமெரிக்காவை விட்டுப் பிரிந்த தென் மாநிலங்கள் சேர்ந்து அமைத்த நாடு அது. கான்ஃபெடரசி என்று பெயர். நாலே வருடத்தில் போரில் தோற்று இல்லாமல் போனது. அப்படித் தோற்றவர்களுக்குத்தான் ஊரின் மிக அழகான சாலையில் வரிசையாகச் சிலைகள் நின்றன.

மான்யுமென்ட் அவென்யூ என்று அந்தச் சாலைக்குப் பெயர். நடுவில் அகலமான புல்வெளி, இரண்டு பக்கமும் மரங்கள், நூறு வருடத்துச் செங்கல் வீடுகள். வசந்த காலத்தில் அங்கே பத்துக் கிலோமீட்டர் ஓட்டம் நடக்கும். ஆபீஸில் எல்லோரும் பதிவு செய்தார்களே என்று நானும் ஓடியிருக்கிறேன். வழியில் பேண்டு வாசிப்பார்கள், தண்ணீர்க் கோப்பை நீட்டுவார்கள். மூச்சு வாங்கிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தால் குதிரை மேல் தென் படையின் தளபதி ராபர்ட் ஈ. லீ. பீடத்தோடு சேர்த்து ஏறத்தாழ அறுபது அடி. பீடத்தில் லீ என்று மூன்று ஆங்கில எழுத்து மட்டும்தான். விளக்கம் வேண்டாத ஆள் என்று அர்த்தம். எனக்கு வேண்டியிருந்தது.

என் டீமில், ரிச்மண்டிலேயே பிறந்து வளர்ந்த ஒரு கறுப்பின அம்மா இருந்தார். ஓய்வு பெறப் போகிற வயது. ஓட்டத்துக்கு நீங்கள் வரவில்லையா என்று கேட்டேன். "எங்க அப்பா அந்த ரோட்டுல வேலைக்குப் போனா மட்டும்தான் வண்டி ஓட்டுவார். சும்மா போறதுன்னா சுத்திக்கிட்டுத்தான் போவார். எனக்கும் அதே பழக்கம்" என்றார். கோபமாகவெல்லாம் சொல்லவில்லை, பார்க்கிங் எங்கே கிடைக்கும் என்று சொல்வது போலச் சொன்னார். அப்புறம், "வருஷத்தைப் பாரு, ஆளைப் பாக்காதே" என்றார்.

பார்த்தேன். போர் முடிந்தது 1865. லீ சிலை திறந்தது 1890. குதிரைப்படைத் தளபதி ஸ்டூவர்ட்டுக்கும் கான்ஃபெடரசியின் ஜனாதிபதி ஜெஃபர்சன் டேவிஸுக்கும் 1907. இன்னொரு தளபதி ஸ்டோன்வால் ஜாக்சனுக்கு 1919. கடற்படைக்காரர் மோரிக்கு 1929. துக்கத்தில் வைத்த சிலைகள் என்றால் இத்தனை தாமதம் ஏன்? அந்த இடைவெளியில் வர்ஜீனியாவில் நடந்தது என்ன என்று பார்த்தால் விஷயம் பிடிபடும். 1902இல் மாநிலத்துக்குப் புதிய அரசியல் சட்டம் வந்தது. வாக்களிக்க வரி கட்ட வேண்டும், பதிவு செய்யும் அதிகாரி கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்து, கறுப்பர்களில் பெரும்பாலானோரின் ஓட்டைப் பறித்தார்கள். அந்தச் சட்டத்தை மக்கள் வாக்குக்குக்கூட விடவில்லை, அப்படியே அமல் என்று அறிவித்துவிட்டார்கள். ஐந்து வருடம் கழித்து ஒரே ஆண்டில் இரண்டு சிலைகள். 1860களின் வீரர்களைப் பற்றி அவை சொல்வதைவிட, 1907இல் இந்த ஊர் யார் கையில் இருந்தது என்பதைப் பற்றித்தான் அதிகம் சொல்கின்றன.

அடுத்த கேள்வி, காசு. லீ சிலைக்குச் சங்கங்கள் வைத்து நன்கொடை திரட்டினார்கள். டேவிஸ் சின்னத்துக்குப் பின்னால் பெரும் பங்கு கான்ஃபெடரசியின் மகள்கள் என்ற பெண்கள் அமைப்புக்கு. லீ சிலைக்கான இடம்? ஊருக்கு வெளியே கிடந்த வயல். நிலத்துக்காரக் குடும்பம் வட்டமாக ஓர் இடத்தைச் சிலைக்குக் கொடுத்துவிட்டு, சுற்றியிருந்ததை மனை போட்டது. கோயில் பக்கத்தில் லேஅவுட் போடுகிற சூட்சுமம் நமக்குத் தெரியாததா? வந்து சேர்ந்த வெண்கலத் துண்டுகளை 1890 மே மாதத்தில் ஆயிரக்கணக்கான பேர் வடம் பிடித்து இழுத்துப் போயிருக்கிறார்கள். இழுத்த கயிற்றை வெட்டித் துண்டு துண்டாக வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். அதன் பிறகு சிலை மாநில அரசின் சொத்து. அதை விசுவாசமாகக் காவல் காத்து அன்போடு பாதுகாப்போம் என்று அரசு ஆவணத்திலேயே எழுதிக் கொடுத்தது. அப்படியென்றால் அதற்குப் பிறகு வந்த எல்லோரும், கறுப்பர்கள் உட்பட, வரி கட்டி அதைக் காத்தார்கள்.

இதை அன்றைக்கே கேட்ட ஒருவர் இருந்தார். ஜான் மிட்செல். 1863இல் அடிமைப் பெற்றோருக்கு, ரிச்மண்டை ஒட்டிய லபர்னம் என்ற பண்ணையில் பிறந்தவர். இருபத்தொரு வயதில் ரிச்மண்ட் பிளானட் என்ற கறுப்பர் பத்திரிகைக்கு ஆசிரியரானார். லீ சிலை வந்தபோது நகரசபையிலும் உறுப்பினர். விழாவுக்கு நகரசபைப் பணம் கொடுப்பதை எதிர்த்தார். லீ சிலையைத் தூக்கி நிறுத்தியது கறுப்பன், காலம் வந்தால் அதை இறக்குவதற்கும் அவன் அங்கே இருப்பான் என்று பத்திரிகையில் எழுதினார். 1904இல் ட்ராம் வண்டியில் கறுப்பர்களைத் தனியே உட்கார வைத்தபோது ஊரை நடக்க வைத்துப் புறக்கணிப்பு நடத்தினார். 1929இல் காலமானார். மோரி சிலை திறந்த அதே வருடம்.

லபர்னம் என்ற பெயர் இன்றைக்கும் ஒரு சாலைக்கு இருக்கிறது. நான் தினமும் அதில்தான் போனேன். லபர்னமும் ஹெர்மிடேஜ் ரோடும் சந்திக்கும் இடத்தில், நடு ரோட்டில் ஏ.பி. ஹில் என்ற தளபதியின் சிலை, 1892இலிருந்து. சிலைக்குக் கீழே அவருடைய எலும்புகளும் இருந்தன. சிலையும் அதுவே, சமாதியும் அதுவே. நாலு பக்கத்திலிருந்தும் வண்டிகள் வந்து சிலையைச் சுற்றி வளைந்து போக வேண்டும். எந்த வண்டி எப்போது திரும்பும் என்று கடைசி நொடி வரை தெரியாது. விபத்துக்குப் பேர் போன இடம். பக்கத்திலேயே ஆரம்பப் பள்ளி வேறு. அதற்கு 1970இல் தன் பிள்ளைகளைக் கறுப்பர் அதிகமுள்ள அரசுப் பள்ளிக்கு அனுப்பிய ஆளுநர் லின்வுட் ஹோல்டனின் பெயர். ஒரே சிக்னலில் சிவப்புக்கு நின்றால் இந்த மாநிலத்தின் இரண்டு முகமும் தெரியும். ஹில் சிலைதான் நகரத்துக்குச் சொந்தமானவற்றில் கடைசியாகப் போனது, 2022 டிசம்பரில். எலும்புகளைக் கல்பெப்பர் என்ற ஊரின் கல்லறைக்கு மாற்றினார்கள். இப்போது அந்த இடத்தில் நிம்மதியாக இடது பக்கம் திரும்பலாம். இதை மட்டும் எல்லாக் கட்சிக்காரர்களும் ஒப்புக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது டேவிஸ் சின்னத்தில் லத்தீனில் செதுக்கியிருந்த வாசகம். மாநிலங்களின் உரிமைக்காக என்று பொருள். மாநில சுயாட்சி என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்த ஆள் நான். மத்திய அரசு அத்துமீறினால் எதிர்த்து நிற்பது நியாயம்தானே என்று மனசு தானாகச் சாயும். இங்குள்ள வெள்ளைக்கார நண்பர் ஒருவர் பார்பிக்யூவில் "போர் அடிமைத்தனத்துக்காக இல்லப்பா, மாநில உரிமைக்காக" என்று ஆரம்பித்தால், நம்மாட்கள் பாதிப் பேர் தலையாட்டுவதை நானே பார்த்திருக்கிறேன்.

இதற்கு ஒரே மருந்து, பிரிந்து போனவர்கள் அன்றைக்கு என்ன எழுதினார்கள் என்று படிப்பது. வர்ஜீனியாவின் பிரிவினைத் தீர்மானம் 1861 ஏப்ரல் 17ஆம் தேதியது. ஒரு பக்கம்தான். மத்திய அரசு தன் அதிகாரத்தைத் திரித்து அடிமைகள் வைத்திருக்கும் தென் மாநிலங்களை ஒடுக்குகிறது என்பது அதில் சொல்லும் காரணம். அடிமைகள் வைத்திருக்கும் என்ற அடைமொழியை எதிரி போடவில்லை, அவர்களே போட்டுக்கொண்டார்கள். மிசிசிப்பி இன்னும் வெளிப்படை. எங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுக்கப் பிணைந்தது என்று அறிக்கையின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டது. புது நாட்டின் அரசியல் சட்டத்தில், அடிமைகள் மீதான சொத்துரிமையைக் குறைக்கும் சட்டம் எதையும் போடக் கூடாது என்று ஒரு பிரிவே இருக்கிறது. இன்னொன்று: தப்பி ஓடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்க வட மாநிலங்கள் மறுத்தபோது, மத்திய அரசு தலையிட்டுக் கட்டாயப்படுத்த வேண்டும் என்று 1850இல் சட்டம் வாங்கியது இதே தெற்குதான். வட மாநிலத்தின் உரிமை அப்போது எங்கே போனது? இந்த ஒரு கேள்வி போதும், பார்பிக்யூ பேச்சு ஃபுட்பாலுக்குத் திரும்பிவிடும்.

குழந்தை இருப்பவர்களுக்கு இது அவசரம். வர்ஜீனியாவில் நாலாம் வகுப்பில் மாநில வரலாறு பாடம். இங்கே 1950களில் எழுதி 1970கள் வரை பிள்ளைகள் படித்த பாடப்புத்தகத்தில், அடிமைகள் பொதுவாக மகிழ்ச்சியாகவே இருந்தார்கள் என்ற தொனியில் எழுதியிருந்தது. அது பழைய கதை என்று விட முடியாது. 2010இல் நாலாம் வகுப்புப் புத்தகம் ஒன்றில், ஆயிரக்கணக்கான கறுப்பர்கள் தென் படையில் சண்டையிட்டார்கள் என்று அச்சாகி வந்தது. தப்பைக் கண்டுபிடித்தவர் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியின் வரலாற்றுப் பேராசிரியர், தன் பிள்ளையின் புத்தகத்தைப் புரட்டும்போது. எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, இணையத்தில் என்றாராம் எழுதியவர். எல்லா வீட்டிலும் வரலாற்றுப் பேராசிரியர் இருப்பாரா? என் மகளுக்கு அந்தப் பாடம் வந்தபோது நாங்கள் செய்தது இவ்வளவுதான்: கேள்வி பதில் மனப்பாடம் முடிந்ததும், பாடத்தில் வரும் காலத்திலேயே எழுதிய ஒரு காகிதத்தையாவது சேர்த்துப் படிப்பது. பிரிவினைத் தீர்மானம், தப்பிய அடிமைக்குப் பரிசு அறிவித்த விளம்பரம், ரிச்மண்ட் பிளானட்டின் ஒரு பக்கம். எல்லாம் நூலகத் தளங்களில் இலவசம். விளம்பரத்தில் ஓடிப்போனவரின் முதுகுத் தழும்பை அடையாளமாகக் குறித்திருந்தது. மகிழ்ச்சியாக இருந்தவருக்குத் தழும்பு எப்படி வந்தது என்று அவளே கேட்டாள். நான் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

2020 கோடையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்ட பிறகு கூட்டம் லீ சிலையடியில் கூடியது. ஜூன் 10 இரவு டேவிஸ் சிலையைப் போராட்டக்காரர்களே இழுத்துத் தள்ளினார்கள். போர் நினைவுச் சின்னங்களை உள்ளாட்சிகள் தொடக் கூடாது என்றிருந்த மாநிலச் சட்டம் மாறி ஜூலை 1 அமலுக்கு வந்தது. அன்றைக்கே மேயர் லெவார் ஸ்டோனி ஜாக்சன் சிலையை இறக்க உத்தரவிட்டார். கொட்டுகிற மழை. நான் ஆபீஸ் மீட்டிங்கை ம்யூட்டில் போட்டுவிட்டு நேரலை பார்த்தேன், மீட்டிங்கில் பாதிப் பேர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. கிரேன் வைத்து இறக்கும் வேலைக்கு ஒப்பந்தக்காரர்கள் யாரும் எளிதில் முன்வரவில்லை. எடுத்துச் செய்தவர் டெவன் ஹென்றி என்ற கறுப்பினத்தவர். கொலை மிரட்டல் வந்து, குண்டு துளைக்காத உடுப்போடு வேலைக்கு நின்றார். லீ சிலை மாநில அரசுடையது என்பதால் வழக்கு நடந்தது. அன்போடு பாதுகாப்போம் என்ற அந்தப் பழைய வாக்குறுதிதான் வழக்கின் மையம். 2021 செப்டம்பரில் மாநில உச்ச நீதிமன்றம், ஒரு காலத்து அரசு கொடுத்த வாக்கு அடுத்த தலைமுறை அரசின் வாயை நிரந்தரமாகக் கட்ட முடியாது என்று முடித்துவைத்தது. செப்டம்பர் 8ஆம் தேதி ஹென்றியின் ஆட்கள் லீயையும் இறக்கினார்கள். பாலங்களுக்கு அடியில் போக முடியாத உயரம் என்பதால், இடுப்போடு இரண்டாக அறுத்து லாரியில் ஏற்றினார்கள். மிட்செல் எழுதி 131 வருடம்.

இதற்கு நடுவில் எங்கள் வாட்ஸ்அப் குழுமத்தில் பெரிய சண்டை. "வரலாற்றை அழிக்கிறாங்க" என்றார் ஒருவர். "ஏனுங்க, இது அவங்க ஊட்டுச் சண்டை, நமக்கெதுக்குங்க வம்பு? கிரீன் கார்டு வர்ற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருந்தா போதும்" என்றார் கோயம்புத்தூர்க்காரர். இரண்டுக்கும் நான் குழுமத்தில் பதில் எழுதவில்லை. அங்கே எழுதி யாரும் மாறியதாக எனக்கு நினைவில்லை. அடுத்த வாரங்களில் ஆளுக்கு ஒரு இடம் கூட்டிக்கொண்டு போனேன்.

வரலாற்றை அழிக்கிறார்கள் என்றவரை ஷாக்கோ பாட்டம் பகுதிக்கு. நியூ ஆர்லியன்ஸுக்கு அடுத்தபடியாக, நாட்டுக்குள் மனிதர்களை விற்ற மிகப் பெரிய சந்தை ரிச்மண்ட். ஏலக் கடைகள், அடைத்து வைக்கும் கொட்டடிகள் எல்லாம் அங்கேதான். அவற்றில் ஒன்று லம்ப்கினின் சிறை. பிசாசின் அரை ஏக்கர் என்று அதற்குப் பட்டப்பெயர். மண்ணுக்குள் புதைந்துபோன அதன் அடித்தளத்தை 2008இல்தான் தோண்டிப் பார்த்தார்கள். பக்கத்தில் கறுப்பர்களைப் புதைத்த பழைய இடுகாடு. 1800இல் அடிமைகளின் கலகத்துக்குத் திட்டமிட்ட கேப்ரியலைத் தூக்கிலிட்டது அந்தப் பகுதியில். 2011 வரை அது பல்கலைக்கழகத்தின் கார் பார்க்கிங். பல வருடம் போராடித்தான் தாரைப் பெயர்த்துப் புல் போட வைத்தார்கள். மேலே ஐ-95 நெடுஞ்சாலை உறுமிக்கொண்டே இருக்கும், பேசினால் கத்தித்தான் பேச வேண்டும். நண்பரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "இது மேல கார் நிறுத்துனப்ப வரலாறு அழியுதுன்னு யாராவது சொன்னாங்களா?" அவர் பதில் சொல்லவில்லை, பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். சிலைகள் சரி தப்பு என்பதில் அவர் கருத்து இன்னும் மாறவில்லை. ஆனால் அந்த வாக்கியத்தை இப்போது சொல்வதில்லை.

கோயம்புத்தூர்க்காரருக்கு என் வீட்டுப் பத்திரத்தையே காட்டினேன். அது கொஞ்சம் விலாவாரியாகச் சொல்ல வேண்டியது. நாங்கள் வாங்கியது 1940களில் போட்ட லேஅவுட்டில் ஒரு பழைய வீடு. ஊரிலிருந்து அப்பா போனில், "தாய்ப்பத்திரம் வாங்கிப் பார்த்தியாடா?" என்று விடாமல் கேட்டார். இங்கே அதையெல்லாம் டைட்டில் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று சொன்னாலும் கேட்கவில்லை. சரி, அவருக்காகவே கோர்ட் கிளார்க் அலுவலகத்தில் லேஅவுட்டின் மூல ஆவணத்துக்கு நகல் கேட்டேன். டைப்ரைட்டரில் அடித்த பக்கம், சில எழுத்துகள் வரியை விட்டு மேலே ஏறியிருந்தன. வேலி எத்தனை அடி, கோழி வளர்க்கலாமா என்பதற்கு நடுவில் ஒரு ஷரத்து: வெள்ளையர் அல்லாத எவரும் இந்த மனைகளில் குடியிருக்கக் கூடாது, வீட்டு வேலைக்கு இருப்பவர்கள் நீங்கலாக. மேலே கோழி, கீழே குப்பைத்தொட்டி. நடுவில் நாங்கள்.

இந்த ஷரத்துகளை நீதிமன்றம் மூலம் அமல்படுத்த முடியாது என்று 1948இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1968 வீட்டுவசதிச் சட்டம் முழுக்கத் தடை செய்தது. எழுதிய காகிதம் மட்டும் அப்படியே கிடக்கிறது. "கறுப்பர்களுக்குப் போட்டது, நம்மளைச் சேர்க்காதுங்க" என்றார் நண்பர். சேர்க்கும். இந்தியர்கள் சட்டப்படி வெள்ளையர் அல்ல, குடியுரிமை கிடையாது என்று 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில் தீர்ப்பாயிற்று. அடுத்த வருடம் வர்ஜீனியா இனத் தூய்மைச் சட்டம் போட்டு, வெள்ளையர் மற்றவர்களைக் கல்யாணம் செய்வதைக் குற்றமாக்கியது. அது விழுந்தது 1967இல், வர்ஜீனியாவைச் சேர்ந்த லவ்விங் தம்பதி போட்ட வழக்கில். நாமெல்லாம் விசா வாங்கி வர வழி திறந்த குடியேற்றச் சட்டம் 1965இல் வந்தது. கறுப்பர்கள் தெருவில் அடிவாங்கிப் பெற்ற 1964 சிவில் உரிமைச் சட்டத்துக்கு அடுத்த வருடம், அதே அலையில். கிரீன் கார்டு வரிசையே அந்தக் கதவுக்கு உள்ளே போட்ட வரிசைதான்.

வர்ஜீனியாவில் வீடு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: இந்த மாதிரி ஷரத்து உங்கள் பத்திரத் தொடரில் இருந்தால், அதிலிருந்து விடுவிக்கும் சான்றிதழ் ஒன்றை கிளார்க் அலுவலகத்தில் பதிவு செய்யலாம். 2020 முதல் அதற்கென்று படிவம் இருக்கிறது. பழைய பக்கத்தைக் கிழிக்க மாட்டார்கள். அது இருக்கும், அதற்குப் பின்னால் உங்கள் பக்கமும் பதிவாகும். எனக்கு அந்த முறை பிடித்திருக்கிறது. சிலைகள் விஷயத்திலும் என் கட்சி கிட்டத்தட்ட இதுதான். டேவிஸ் சிலையை வாலன்டைன் அருங்காட்சியகத்தில் 2022இல் காட்சிக்கு வைத்தபோது போய்ப் பார்த்தேன். தூக்கி நிறுத்தவில்லை. விழுந்த மாதிரியே மல்லாக்க, முகம் நசுங்கி, மேலே வீசிய ரோஸ் பெயின்டோடு கிடந்தது. அதைச் செய்த சிற்பி எட்வர்ட் வாலன்டைனின் பட்டறையும் அந்த வளாகத்திலேயே இருக்கிறது. 1907உம் 2020உம் ஒரே பொருளில் தெரிந்தன. பக்கத்து ஊரான சார்லட்ஸ்வில்லில் லீ சிலையை 2023இல் உருக்கிவிட்டார்கள். 2017இல் அதன் பெயரால் இனவெறியர்கள் கூடி, அவர்களில் ஒருவன் காரை ஏற்றி ஒரு பெண்ணைக் கொன்ற ஊர் அது. அவர்கள் முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் மல்லாக்கக் கிடக்கிற டேவிஸ் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தார்.

சண்டை முடிந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். தெற்கே பீட்டர்ஸ்பர்க் பக்கம் ஃபோர்ட் லீ என்று ராணுவத் தளம். 2023இல் அதற்கு ஃபோர்ட் கிரெக்-ஆடம்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். ஆர்தர் கிரெக் கறுப்பினத்தைச் சேர்ந்த லெப்டினன்ட் ஜெனரல். சாரிட்டி ஆடம்ஸ் இரண்டாம் உலகப் போரில் கறுப்பினப் பெண்களின் அஞ்சல் படைப்பிரிவை ஐரோப்பாவில் நடத்தியவர். 2025இல் மறுபடி ஃபோர்ட் லீ. இந்த லீ அந்த லீ இல்லையாம், ஃபிட்ஸ் லீ என்ற கறுப்பினச் சிப்பாயாம். ஃபிட்ஸ் லீ வீரப் பதக்கம் வாங்கியவர் என்பது உண்மைதான். அவர்மேல் திடீரென்று மரியாதை வந்ததற்கு என்ன காரணம் என்பதும் எல்லோருக்கும் தெரியும். பெயர்ப் பலகை இரண்டு வருடச் சொச்சத்தில் இரண்டு முறை மாறியது, நம் வரிப்பணத்தில்.

காசு என்றதும் கடைசியாக ஒன்று. மிட்செல் எங்கே புதைந்திருக்கிறார் என்று தேடினேன். எவர்கிரீன் கல்லறை. 1891இல் கறுப்பர்கள் தங்களுக்கென்று தொடங்கியது. இதே ஊரில் ஹாலிவுட் என்ற கல்லறையில் தென் படை வீரர்களுக்குத் தொண்ணூறு அடியில் கருங்கல் பிரமிடு நிற்கிறது, புல் ஒழுங்காக வெட்டியிருக்கும். கான்ஃபெடரசிக் கல்லறைகளைப் பராமரிக்க மாநில அரசே பல பத்தாண்டுகள் பணம் கொடுத்தது. எவர்கிரீனுக்கும் பக்கத்து ஈஸ்ட் எண்ட் கல்லறைக்கும் அப்படிக் கொடுக்க 2017இல்தான் சட்டம் வந்தது. பராமரிப்பு நிதி இல்லை, குடும்பங்கள் வடக்கே பிழைக்கப் போய்விட்டன. இரண்டையும் காடு மூடிக்கொண்டது. சலவைக்காரப் பெண்களின் சிறுவாட்டுக் காசைச் சேர்த்து 1903இல் வங்கி தொடங்கிய மேகி வாக்கரும் எவர்கிரீனில்தான் இருக்கிறார்.

தன்னார்வலர்கள் பல வருடமாகச் சுத்தம் செய்கிறார்கள். நாங்களும் குடும்பத்தோடு போவதுண்டு. போக விரும்புகிறவர்கள் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள், தனியாகப் போய் வெட்ட ஆரம்பிக்க வேண்டாம். எது களை, எது யாரோ அம்மா சமாதிக்கு நட்டுவைத்த செடி என்று முதல் நாளில் தெரியாது. கல்லில் படர்ந்த ஐவியைப் பிடித்து இழுக்கக் கூடாது. வேர் கல்லின் மேல்தோலையும் எழுத்தையும் சேர்த்து உரித்துவிடும். அடியில் வெட்டிவிட்டுக் காய விட வேண்டும், சில வாரத்தில் தானாக உதிரும். பாசியைத் தேய்க்கத் தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும். ப்ளீச், கம்பி பிரஷ் இரண்டும் கல்லுக்கு எமன். மூன்று இலையாக இருக்கும் பாய்சன் ஐவியைத் தொட்டால் ஒரு வாரம் சொறிய வேண்டியிருக்கும், அதனால் முழுக்கை, முழுக்கால் உடுப்பு. வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் முழங்கால் பின்பக்கம், காது மடல் பின்பக்கம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். கையுறை கொடுப்பார்கள், ஆனால் பெரியவர்கள் அளவுதான் இருக்கும். குழந்தைகளுக்கு வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். தண்ணீரும் கொண்டுபோவது நல்லது.